ஈரம் கேட்ட முட்டை

பஸ் ஓடாத நாளில் ஒரு கண்டக்டர் வீட்டில் இருந்தால் வீட்டுக்கு உபத்திரவம். இது என் மனைவி சொன்னது. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த அந்தப் புரட்டாசியில், மணலூர்பேட்டைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே ரோடு என்று ஒன்று இருந்த மாதிரியே தெரியவில்லை. வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். கேட்பது நியாயம்தான் என்று டீக்கடையில் ஒரு கூட்டம், அதற்கு மரம் என்ன பாவம் செய்தது என்று இன்னொரு கூட்டம். இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருந்ததால் நான் டீயை மட்டும் குடித்துவிட்டு எழுந்துகொண்டேன். வண்டி டிப்போவில் நின்றது. சைக்கிளைப் பாதி தூரம் மிதித்தும் பாதி தூரம் தூக்கியும் வீடு வந்து சேர்ந்தேன்.

வீடு ஊருக்கு வெளியே, கரும்புக் கொல்லையை ஒட்டி இருந்தது. எனக்குப் பெரும்பாலும் நைட் ஹால்ட் வண்டிதான், ராத்திரி வெளியூரிலேயே தங்கல். மனைவி தனியாக இருப்பாளே என்று ஒரு ஜோடி வாத்து வாங்கி விட்டிருந்தேன். வயலில் கூட்டமாக மேய்க்கிற சின்ன வாத்து இல்லை, நீளக் கழுத்துள்ள பெரிய வாத்து. அந்நிய ஆள் வந்தால் கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறும், ஊரைக் கூட்டும். பெட்டை முதன்முதலாக முட்டையிட்டு அடைக்கு உட்கார்ந்த சமயத்தில் நாய்கள் கூட்டமாக வந்து ஆண் வாத்தைக் கடித்துப் போட்டுவிட்டன. அதற்குப் பிறகு பெட்டையிடமிருந்து சத்தமே இல்லை. யார் வந்தாலும் போனாலும் திரும்பிக்கூடப் பார்க்காது.

போதாக்குறைக்கு அதன் முட்டைகளையும் நாங்கள் எடுத்துவிட்டோம். நாங்கள் கோழி வளர்த்துப் பழகியவர்கள். அடை முட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கூடையில் காய்ந்த மணலைக் கொட்டி, இடிச்சத்தத்தில் முட்டை கெடாமல் இருக்க ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் போட்டு, அடுப்பங்கரை மூலையில் வைப்போம். இந்த வாத்தோ வாய்க்காலில் முங்கிவிட்டுச் சொட்டச் சொட்ட வந்து முட்டைமேல் உட்காரும். விரட்டி விரட்டி அலுத்துப்போய், முட்டைகளை எடுத்துத் துடைத்து, அடையிலிருந்த நாட்டுக்கோழியின் கீழே வைத்துவிட்டோம். நல்ல காரியம் செய்ததாக நினைப்பு வேறு.

கோழியும் பாவம், தன் இருபத்தொரு நாள் கெடு முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது. நான் வீடு வந்த சமயத்தில் ஒன்றைத் தவிர மற்ற முட்டைகள் எல்லாம் கெட்டுப் போயிருந்தன. காதருகே வைத்து ஆட்டினால் கொளகொளவென்றது. அந்த ஒன்றில் மட்டும் உள்ளே சுரண்டுகிற சத்தம் கேட்டது. ஆண் போய்விட்டதால் இனி இடுகிற முட்டை எதுவும் பொரிக்காது. ஆகவே இந்தப் பெட்டைக்கு என்று உலகத்தில் இருந்தது அந்த ஒரு குஞ்சுதான்.

மறுநாள் காலையில் ஓட்டில் சின்னதாக ஓட்டை விழுந்து அலகு தெரிந்தது. உச்சிவேளைக்கும் அதே ஓட்டை, அதே அலகு. சத்தம் மட்டும் கம்மியாகிக்கொண்டே வந்தது. மாட்டாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் மரங்கள் குறுக்கே கிடந்தன. எனக்குக் கை சும்மா இருக்காது. இருபது வருஷமாக ஆட்களை ஏற்றி இறக்கியே பழகிவிட்ட கை. ஓட்டைப் பிய்த்து எடுத்தால் குஞ்சு தானாக வெளியே வந்துவிடும் என்று நகத்தால் ஒரு துண்டைப் பெயர்த்தேன். உள்தோல் கிழிந்து நூல் மாதிரி ரத்தம் கசிந்தது.

"இன்னா பண்றீங்க நீங்க? குடுங்க இப்டி," என்று மனைவி முட்டையை வாங்கிக்கொண்டாள்.

"உள்ளயே செத்துப்பூடும்மே."

"நீங்க கைய வெச்சா இன்னும் சீக்கிரம் சாவும்."

எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் நகத்தில் இருந்த ரத்தத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். அவள் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டுக்கு அடியில் இருந்த தோல் வெங்காயச் சருகு மாதிரி காய்ந்து குஞ்சின்மேல் இறுக ஒட்டியிருந்தது. அதனால் கழுத்தைத் திருப்பவே முடியவில்லை. அப்போது பெட்டை வாத்து வாய்க்காலிலிருந்து ஏறி வந்தது. வாசலில் நின்று உடம்பை உதறியதும் எங்கள் இரண்டு பேர் மேலும் தண்ணீர் தெறித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. வாத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"ஏங்க, இது ஈரத்தோடதான உக்காந்துக்கினு இருந்துச்சி? அதுக்குத் தெரியாதா, முட்டைக்கு இன்னா வேணும்னு? நாமதான் காய வெச்சி வெச்சி உள்ளயே ஒட்டிக்கிச்சி."

எனக்குத் தலையில் குட்டு விழுந்த மாதிரி இருந்தது. ஆனாலும் வெந்நீர் வைத்தது நான்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். கை பொறுக்கிற சூட்டில் பழைய வேட்டித் துணியை நனைத்து, மூக்குத் துவாரத்தை விட்டுவிட்டு முட்டையைச் சுற்றினாள். துணி ஆறினால் மறுபடி வெந்நீர். கொஞ்சம் தேங்காயெண்ணெயை விரலில் தொட்டுத் தோலில் தடவினாள். தோல் ஊறி வெளுத்த இடத்தில் மட்டும் ஒரு துணுக்கு ஓடு எடுப்பாள். சிவப்பு நரம்பு தெரிந்தால் கையை எடுத்துவிட்டுத் திரும்பவும் துணியைச் சுற்றுவாள். முட்டையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டு, செத்துவிட்டதா என்று உள்ளங்கையால் கேட்பேன். ஒரு சின்ன உதை வரும். அந்த உதைக்காக நான் அன்று எவ்வளவு ஏங்கினேன் என்று சொன்னால் டிப்போவில் சிரிப்பார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தலைப்பக்கத்து ஓடு கழன்றது. மிச்சத்தையும் எடுத்துவிடலாமே என்றேன்.

"தொப்புள் உள்ள ஒட்டிக்கினு இருக்கும். கன்னுக்குட்டியப் புடிச்சி இழுக்கிறோமா இன்னா? அதுவே உதைச்சிக்கினு வரட்டும்."

பாதி ஓட்டோடு அதைச் சூடான சாம்பல்மேல் துணி விரித்து வைத்தோம். காலையில் பார்த்தபோது ஓடு தனியாகக் கிடந்தது. குஞ்சும் தனியாகக் கிடந்தது. சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. கழுத்து தொங்கியது. கால்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகச் சரிந்துபோய் நிற்க முடியாமல் இருந்தது. கோழியிடம் விட்டால் கொத்தித் தள்ளியது. மனைவி ரவிக்கைத் துணியில் ஒரு நாடா கிழித்து, இரண்டு காலும் சேர்ந்து நிற்கிற அளவுக்குத் தளர்வாகக் கட்டினாள். வெல்லத்தண்ணீரை அலகு ஓரத்தில் சொட்டுவிட்டாள். முதல் சொட்டு வழிந்துபோனது. அடுத்ததற்குத் தொண்டை அசைந்தது. அவள் அழுதுவிட்டாள். எனக்கும் கண்ணில் புகை அதிகமாகத்தான் இருந்தது.

மயிர் காய்ந்து, தலை கொஞ்சம் நின்றதும், அதைத் தாயிடம் விடவேண்டும் என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நூறு பேர் ஏறிய வண்டியில் குழந்தையை விடுவது மாதிரி, மிதித்துவிடும் என்றேன்.

"அது புள்ளைய அதுங்கிட்ட இருந்து எடுத்ததுதான் நாம பண்ண வேலை. இப்பவும் நாமளே வெச்சிக்கினா எப்டி?"

குஞ்சை வாத்தின் முன்னால் வைத்துவிட்டுக் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன், கொத்தினால் பிடுங்கிவிடலாம் என்று. பெட்டை நகரவில்லை. குஞ்சு மெல்லக் கத்தியது. பெட்டை கழுத்தை இறக்கி அதன் உடம்பெல்லாம் அலகால் தடவிவிட்டு, தொண்டைக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இறக்கையை விரித்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. குஞ்சு நாடா கட்டின காலோடு தத்தித் தத்தி உள்ளே போய்விட்டது. வாத்தின் மார்பு நனைந்திருந்தது. நாங்கள் யாரும் துடைக்கப் போகவில்லை.

மரங்களை அப்புறப்படுத்தினார்கள், வண்டி ஓடியது, நானும் டியூட்டிக்குப் போனேன். போகிற இடமெல்லாம் குஞ்சு இருக்குமா போயிருக்குமா என்றே நினைப்பு. டிக்கெட் கிழிக்கும்போதுகூட அந்தத் தொங்கின கழுத்துதான் கண்ணில் நின்றது. வீட்டில் போன் கிடையாது, யாரிடம் கேட்பது?

மறு வாரம் லீவு கிடைத்துப் பொழுது சாய வீட்டுக்கு வந்தேன். வேலிப் படலைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்ததும், வாத்து கத்திக்கொண்டே ஓடி வந்து என் காக்கி பேன்ட்டைக் கவ்வியது. அதன் பக்கத்தில், நாடா இல்லாத காலோடு அந்தக் குஞ்சு நின்றது. கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி என்னைப் பார்த்துச் சீறியது. சத்தம் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. உள்ளேயிருந்து மனைவி, "யாரது?" என்றாள்.

நான்தான் என்று சொல்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று கடி வாங்கினேன்.