மருத்துவமனை வலைப்பதிவில் என் கழுத்து

என் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் பார்த்தவர் ஒரு போட்டோகிராபர். மருத்துவமனையின் வலைப்பதிவுக்குப் புதுப் படம் எடுக்க வந்திருந்தார். "மேடம், தலைய கொஞ்சம் தாழ்த்துங்க, கழுத்துல ஏதோ நிழல் விழுது" என்றார். தாழ்த்தினேன். நிழல் போகவில்லை. கையை வைத்துப் பார்த்தேன். காலமெல்லாம் பிறர் கழுத்தைத் தொட்டுப் பார்த்த கைக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது.

நான் பெங்களூரில் ஒரு நடுத்தர மருத்துவமனையின் மருத்துவ இயக்குநர். வாரந்தோறும் தமிழிலும் கன்னடத்திலும் வலைப்பதிவு எழுதுகிறேன். நீலசந்திராவிலிருந்தும் பொம்மனஹள்ளியிலிருந்தும் வருகிற நோயாளிகள் போனில் அதைப் படித்துவிட்டு வந்து என்னையே குறுக்குக் கேள்வி கேட்பார்கள். எனக்கு ஒரே கட்டுப்பாடு: வீட்டு விஷயம் அதில் வராது. மல்லேஸ்வரத்தில் காய் வாங்கிய கதையெல்லாம் எழுதுகிற ஆள் நானில்லை.

ஊசிச் சோதனை (கட்டிக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்திச் செல்களை எடுத்துப் பார்ப்பது) தைராய்டு புற்றுநோய் என்று சொன்னது. தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம் இருக்கும் சுரப்பி. பெரும்பாலும் நன்றாகக் குணமாகும் வகைதான். இதை எத்தனையோ பேரிடம் தைரியமாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டபோது துளியும் ஆறுதலாக இல்லை. பயந்தேன்.

ஆபரேஷனை வேறு இடத்தில் செய்துகொண்டால் விஷயம் வெளியே வராது. ஆனால் எங்களிடம் வாருங்கள் என்று ஊருக்கெல்லாம் எழுதிவிட்டு நான் மட்டும் இன்னொரு வாசலில் போய் நிற்பதா? எங்கள் சர்ஜன் டாக்டர் மஞ்சுநாத்திடமே போனேன். அவர் என் கீழ் வேலை செய்பவர். அதற்காக எதையும் மழுப்பவில்லை.

"குரல் நரம்ப ஒட்டிக்கிட்டு இருக்கு மேடம். ஜாக்கிரதையா எடுப்பேன். ஆனா பிராமிஸ் பண்ண மாட்டேன்."

குரல் நரம்பு (குரல் நாண்களை அசைப்பது) வெட்டுப்படாமலேயே சோர்ந்துபோகக் கூடும். எனக்கு அதுதான் நடந்தது. கட்டி முழுதாகப் போயிற்று; கண் விழித்துக் கணவரைக் கூப்பிட்டால் வெறும் காற்று வந்தது. அப்போது அவர் சொன்னதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

வேலைக்குத் திரும்பியபோது, செய்தித் தொடர்பைப் பார்த்துக்கொள்ளும் தீபா ஒரு பதிவைத் தயாராக வைத்திருந்தாள். எங்கள் மருத்துவமனையில் வெற்றிகரமான அறுவை சிகிச்சை, எங்கள் இயக்குநர் நலமுடன் திரும்பினார். பொய் ஒன்றும் இல்லை.

"இதுல என் குரல் எங்க?" என்று கிசுகிசுத்தேன்.

"அது உங்க பர்சனல் மேடம். அதோட டாக்டருக்கும் கெட்ட பேரு."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. குரலை மறைத்தால் அந்தப் பதிவு வெறும் விளம்பரம். எழுதினால், மேலதிகாரியே சர்ஜனைச் சந்தியில் நிறுத்தியதாக ஆகும். என் உடம்பைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. அவர் பெயரைக் கெடுக்க இல்லை. அவரை என் அறைக்குக் கூப்பிடாமல் நானே அவர் அறைக்குப் போனேன்.

"எழுதட்டுமா? வேண்டாம்னா விட்டுடறேன்."

"நாளைக்கு வர்ற பேஷண்ட் எல்லாம் குரல் போயிடுமான்னு கேப்பாங்களே மேடம்."

"கேக்கட்டும். நீங்கதான் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்றீங்களே."

"பரீரி மேடம்" என்றார். எழுதுங்கள் என்று அர்த்தம். மனதிலிருந்து பேசும்போது அவருக்குக் கன்னடம்தான் வரும்.

கன்னடப் பதிவு கடகடவென்று முடிந்தது. தமிழில் முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். கன்னடத்தில் 'நாவு' என்றால் போதும், எல்லோரும் அடக்கம். தமிழில் நாங்களா, நாமா என்று முடிவு செய்தாக வேண்டும். இத்தனை காலமும் நாங்கள் என்றே எழுதிவந்தேன். சிகிச்சை தருகிற நாங்கள், வாங்கிக்கொள்கிற நீங்கள். இந்த முறை, "ஆபரேஷனுக்கு முன் நாம் பயப்படுகிறோம்" என்று எழுதினேன். தீபா திருத்த வந்தாள். விடவில்லை.

இதே ஆபரேஷன் உங்களுக்கு என்றால், குரலைப் பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள். சோர்ந்த நரம்பு பலருக்குச் சில மாதங்களில் தேறிவிடும். சிலருக்கு முழுதாகத் தேறாது. நான் இன்னும் குரல் பயிற்சி செய்கிறேன். காலையில் பேச்சு வரும், மதியத்துக்குள் தேய்ந்துவிடும். முக்கியமானதை முதலில் சொல்லி முடிக்கிறேன். இப்போது என் நாள் குரல் இருக்கும் வரைதான். மீட்டிங்குகள் சீக்கிரம் முடிவதாக எல்லோருக்கும் ஏகப்பட்ட சந்தோஷம்.

பதிவு வெளியான பிறகு மஞ்சுநாத் பயந்தது நடந்தது. பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு பெண், எனக்கு வந்த அதே நோய், என் பதிவைப் படித்துவிட்டு வந்து, மஞ்சுநாத்தின் அறையில் ஆபரேஷனே வேண்டாம் என்று எழுந்துவிட்டார். "நீங்களே பேசுங்க மேடம்" என்று மஞ்சுநாத் அவரை என்னிடம் அனுப்பிவைத்தார். நான் எழுதியதைப் படித்ததால் ஒருவர் சிகிச்சையை விட்டுவிட்டுப் போனால், நான் எழுதியிருக்கவே கூடாது.

அவர் உட்காரக்கூட இல்லை. "ஒருவாட்டி பேசுங்க மேடம், கேட்டுக்கறேன்."

என் பெயரைச் சொன்னேன். காலையில் என்ன சாப்பிட்டேன் என்று சொன்னேன். தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்.

"இதுல கத்த முடியுமா? லைன்ல மிஷின் சத்தத்துல கத்தினாத்தான் வேலை நடக்கும்."

"முடியாது" என்றேன். "எல்லாருக்கும் இப்படி ஆகறதில்ல. ஆச்சுன்னா இப்படித்தான்."

"பக்கத்துல போய்ச் சொன்னா?"

"கேக்கும்."

யோசித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப பக்கத்துல போய்த் திட்டிக்கறேன். எங்க கையெழுத்து போடணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தேன், சத்தம்தான் வரவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் எங்கள் இருவருக்கும் சேர்த்து அவரே சத்தமாகச் சிரித்தார்.