பொலிஸ் வைத்திருந்த நாவல்

பிலாரைப் போல ஒரு வீம்புக்காரியை டென்மார்க்கின் இந்த ஓல்போர்க் நகரில் நான் கண்டதில்லை. ஸ்பெயினில் சர்வாதிகாரி ஆண்ட காலத்தில், அவர் எழுதிய நாவலுக்காகப் பொலிஸ் வீடு புகுந்து, இருந்த ஒரே கைப்பிரதியையும் அள்ளிக்கொண்டு போனது. இருபத்தாறு வயதில் டென்மார்க்குக்குத் தப்பி வந்தவர், முப்பது வருடம் மீன் தொழிற்சாலையில் நின்றார். வேலை முடிந்து வந்து அதே நாவலை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினார். ஒரு தரமல்ல, மூன்று தரம்.

மூன்றாவது பிரதியை அச்சிட மட்ரிட்டில் ஒரு பதிப்பகம் கேட்டது. பிலார் கொடுக்கவில்லை. உண்மையான நாவல் பொலிசிடம் கிடக்கிறதாம், இது வெறும் மிச்சமாம். எண்பத்தொரு வயதில் இது என்ன பிடிவாதம் என்று எனக்குக் கோபம்தான் வரும். கண்ணை மூடிவிட்டால் எல்லாமே வீண்.

நான் சுசீலாதேவி, நகரசபையின் வீட்டுப் பராமரிப்பு ஊழியர். செவ்வாய்க்கிழமைகளில் பிலார் வீடுதான் எனக்குக் கடைசி வீடு. போன மாசியில் ஒரு செவ்வாய் மூன்று மணிக்குப் போனால், பழைய பொலிஸ் கோப்புகள் கிடக்கும் ஸ்பெயின் ஆவணக் காப்பகத்திலிருந்து தடித்த பொதி ஒன்று வந்திருந்தது. பிலார் கேட்டு எழுதியிருந்த, பறிபோன நாவலின் நகலாம். பிலார் கத்தரிக்கோலைத் தேடினார்.

"இப்ப உடைக்காதேங்கோ, ராகு காலம். நாலரை மட்டும் பொறுங்கோ," என்று டேனிஷில் சொல்லிப் பொதியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அம்பத்தைஞ்சு வருசம் பொறுத்தனான். இன்னும் ஒன்றரை மணித்தியாலமோ?"

"ஓம். இவ்வளவு காலம் பொறுத்திட்டு அவசரத்திலை கெடுக்கப்படாது."

முறைத்தார். பிறகு இருப்புக்கொள்ளாமல் தன் மூன்றாவது பிரதியை எடுத்துச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். எனக்கு ஸ்பானிஷில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் போகப் போக அவர் குரல் உறுதியானது எனக்கு விளங்கியது.

நாலரைக்குப் பொதியைக் கொடுத்தேன். பத்தாம் பக்கத்தில் பிலாரின் உதடு கோணியது. அழப்போகிறார் என்று தண்ணீர் எடுக்க எழும்பினேன். அவரோ வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சுசீலா, இதை எழுதினது ஒரு சின்னப் பெட்டை. பயமெண்டால் என்னவெண்டே அவளுக்குத் தெரியேல்லை. நாலரைக்கு முதல் நான் சத்தமா வாசிச்சதுதான் நாவல்."

அந்த இடத்திலேயே மட்ரிட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். புரட்டாசியில் புத்தகம் வந்தது. ஓல்போர்க் நூலகத்தில் வெளியீட்டன்று சனம் எழும்பி நின்று கைதட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூலப் பிரதியைத் திருப்பி அனுப்பவா என்று பிறகு காப்பகம் இங்குள்ள ஸ்பெயின் தூதரகம் மூலம் டேனிஷில் கேட்டு எழுதியது. பிலார் சொல்லச் சொல்ல டேனிஷில் பதில் எழுதியது நான்தான்.

"வேண்டாமெண்டு எழுதும். அதைப் பொலிசே வைச்சு வாசிக்கட்டும்."