ஒரு பெயருக்கு இரண்டு விலாசம்

வட்டவடை ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். ஸ்டாண்டில் நடக்கும் சண்டையில் பாதி என் கடை வாசலில்தான் நடக்கும், மீதியை நான் எழுந்து போய்ப் பார்ப்பேன். அதனால் செல்வலட்சுமியைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு. அவளைத் திட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சித்திரபுரத்தில் பிறந்தவள். அப்பா, அம்மா இருவருக்கும் எஸ்டேட் வேலை. கம்ப்யூட்டர் படித்து, கொச்சியில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் இருந்தாள். எங்கள் ஸ்டாண்டில் ஜீப் ஓட்டும் சுடலைமணியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? பூண்டு வயலும் கேரட் வயலும் பார்க்க வருகிற டூரிஸ்டுகள் போனிலேயே ஜீப் புக் செய்ய, எங்கள் டிரைவர் சங்கத்துக்கு ஒரு சைட் செய்து கொடுத்தாள். அதற்கு இன்டர்நெட்டில் ஒரு பெயரும் வாங்கினாள். நாற்பது ஜீப்பின் முதுகிலும் அந்தப் பெயரை எழுதி வைத்தோம்.

போன ஓணம் லீவில் அந்த சைட் படுத்துவிட்டது. திருவோணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று, ஐந்து மணி நேரம். வந்த கூட்டம் போனைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை முறைத்தது. வெளியூர் டூர் ஏஜென்சி ஒன்று மோப்பம் பிடித்து வந்து, புக்கிங் முழுவதையும் தன்னிடம் கொடுத்துவிடச் சொன்னது. அதாவது யாருக்கு ஓட்டம் என்பதை இனி ஸ்டாண்ட் சொல்லாது, எங்கேயோ ஏ.சி. அறையில் இருக்கிற ஒருவர் சொல்வார். சங்கத் தலைவர் சோலை அண்ணன் கிறிஸ்துமஸ் வரைக்கும் தவணை கொடுத்தார்.

“பாரு தாயி, லீவு நாள்ல இன்னொரு தடவ படுத்துச்சுன்னா நான் கையெழுத்துப் போட்டுருவேன். நாப்பது குடும்பம் இருக்கு.”

“படுக்காதுண்ணே,” என்றாள்.

அவள் செய்த ஏற்பாட்டை என் மண்டையில் ஏறிய அளவுக்குச் சொல்கிறேன். சைட்டின் பெயரைப் போனில் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய மெஷின் எங்கே இருக்கிறது என்று போன் முதலில் விலாசம் கேட்கும். எங்கள் பெயருக்கு இருந்தது ஒரே விலாசம். அந்த மெஷின் படுத்தால் கதை முடிந்தது. செல்வலட்சுமி கொச்சியில் ஒன்று, சென்னையில் ஒன்று என்று இரண்டு மெஷினை வாடகைக்குப் பிடித்தாள். இரண்டும் ஒன்றோடொன்று பேசி ஒரே புக்கிங் பட்டியலை வைத்துக்கொள்ளும். பிறகு, பெயர் வாங்கிய இடத்தில் போய்ப் பழைய விலாசத்தை அழித்தாள். விலாசம் கேட்டு வருகிறவர்களை இனி இன்டர்நெட்டில் கூட்டத்தைப் பிரித்தனுப்புகிற டிராஃபிக் மேனேஜ்மெண்ட் சேவை ஒன்றிடம் அனுப்பு என்று எழுதி வைத்தாள். அந்தச் சேவை இரண்டு விலாசத்தையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும். உயிரில்லாத மெஷினின் விலாசத்தை மட்டும் கொடுக்காது.

“நம்ம டர்ன் மாதிரிதாண்ணே,” என்றாள் என்னிடம்.

எங்கள் ஸ்டாண்டில் ஓட்டம் வரிசைப்படிதான். வண்டி நம்பரைக் கூப்பிட்டதும் டிரைவர் “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டர்ன் அடுத்தவனுக்கு. வண்டி ரிப்பேராகி என் கடையில் டயர் இல்லாமல் நின்றாலும், டிரைவர் வந்து “இருக்கேன்” என்றால் டர்ன் அவனுக்குத்தான். மச்சான் வண்டியை வாங்கி ஓட்டிக்கொள்வான். வண்டி கெட்டதற்காக ஒருவன் வீட்டு அடுப்பு அணையக் கூடாது என்பது எங்கள் சட்டம். அதில் நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இந்தச் சட்டத்தோடு வாழ்ந்தவள் மெஷினுக்கும் அதையே வைத்தாள். சேவை அரை நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மெஷினையும் “இருக்கியா?” என்று கேட்கும். “இருக்கேன்” என்று பதில் வந்தால் டர்ன் உண்டு. அங்கேதான் வந்தது வினை.

டிசம்பர் இரண்டாம் வாரம் ஒரு நாள், கொச்சி மெஷினில் புக்கிங் புரோகிராம் மட்டும் சிக்கி நின்றுவிட்டது. மெஷின் என்னவோ ஒழுங்காக “இருக்கேன், இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் அங்கே போய் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரே காரில் வந்த அண்ணன் தம்பியில் அண்ணனுக்கு டிக்கெட் கிடைத்தது, தம்பிக்குக் கிடைக்கவில்லை. ஸ்டாண்டில் வந்து கத்தினார்கள். “ரெண்டு மெஷின வெச்சிக்கிட்டு ஒரு மெஷின் வேலையக்கூட வாங்கத் தெரியலையா?” என்று நானும் என் பங்குக்கு வாயை விட்டேன். சுடலைமணி என் மூஞ்சியைப் பார்க்காமல் போய்விட்டான்.

“இது லீவு நாள் இல்ல. அதனால தப்பிச்ச,” என்றார் சோலை அண்ணன்.

செல்வலட்சுமி அழவில்லை. என் கடையில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்து ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பானெட்டைத் திறந்துபோட்டு நின்ற ஒரு ஜீப்பின் டிரைவர், கூப்பிட்டதும் “இருக்கேன்” என்று டர்ன் வாங்கி, மச்சான் வண்டியில் ஏறிப் போனார். செல்வலட்சுமி சட்டென்று எழுந்து என் பக்கம் திரும்பினாள்.

“சூசையப்பண்ணே, தப்பு எங்கன்னு தெரிஞ்சு போச்சு. வண்டி கெட்டா இவருக்கு மச்சான் இருக்காரு. மெஷினுக்கு மச்சான் ஏது? இருக்கியான்னு கேட்டிருக்கக் கூடாதுண்ணே. ஓட்டிக் காட்டுன்னு கேட்டிருக்கணும்.”

அன்றைக்கே மாற்றினாள். இப்போது சேவை கேட்கும்போதெல்லாம், ஸ்டாண்டிலேயே இல்லாத நாற்பத்தொன்றாம் நம்பர் ஜீப்பை மெஷின் புக் செய்து ரத்தும் செய்து காட்ட வேண்டும். இரண்டு முறை தவறினால் டர்ன் போச்சு. டூரிஸ்டுகளின் போன் வாங்கிய விலாசத்தை ஒரு மணி நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததையும் ஒரு நிமிடமாகக் குறைத்தாள். இல்லையென்றால் செத்த மெஷின் வாசலையே தட்டிக்கொண்டு நிற்பார்களாம்.

கிறிஸ்துமஸ் அன்று சர்ச்சில் பூசை முடிந்த கையோடு கடையைத் திறந்தேன். வட்டவடையில் கால் வைக்க இடமில்லை. பன்னிரண்டு மணி வாக்கில் ஏஜென்சிக்காரர் கையெழுத்துத் தாளோடு வந்து இறங்கினார். எல்லோர் முன்னாலும் போனை எடுத்து எங்கள் பெயரைத் தட்டினார். செல்வலட்சுமி தன் போனை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

டிக்கெட் வந்தது. அவர் தோளைக் குலுக்கினார். “மெஷின் நல்லா இருக்கும்போது எந்த சைட்டும் ஓடும். கெட்டுப் போகும்போது பாருங்க.”

“கெட்டுத்தான் கெடக்கு சார்,” என்றாள் செல்வலட்சுமி.

போனைச் சோலை அண்ணனிடம் நீட்டினாள். கொச்சிக்கு எதிரே சிவப்பு, சென்னைக்கு எதிரே பச்சை. பத்தரை மணிக்கே கொச்சி மெஷின் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த அத்தனை டிக்கெட்டையும் சென்னைதான் கொடுத்தது. ஸ்டாண்டில் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியவில்லை.

“ஏன் தாயி எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீங்களும் பயப்படுவீங்கண்ணே. நான் ஒருத்தி பயந்தது போதாதா?”

நான் அவள் முன்னால் போய் நின்றேன். “மன்னிச்சுக்க தாயி, வாய விட்டுட்டேன்,” என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். சொன்ன பிறகுதான் மனம் ஆறியது.

சோலை அண்ணன் தாளை மடித்து ஏஜென்சிக்காரர் சட்டைப்பையிலேயே வைத்தார். “இத நீங்களே வெச்சுக்கங்க. டிக்கெட் எடுத்துட்டீங்கல்ல, ஏறுங்க. எங்க சங்கத்துல எடுத்த டிக்கெட்டுக்கு வண்டி ஓடியே தீரும்.”

டர்ன் சுடலைமணிக்கு. ஏஜென்சிக்காரர் ஏறி உட்கார்ந்த பிறகும் தலையை வெளியே நீட்டி, “எங்க கம்பெனிக்கு வர்றீங்களா? நல்ல சம்பளம்,” என்று அவளைக் கேட்டார்.

“உங்க சைட்டு விழுந்தாச் சொல்லியனுப்புங்க சார்,” என்றாள் செல்வலட்சுமி. “எங்க நாப்பது வண்டியும் ஓடி முடிச்சதும் வாரேன்.”

ஸ்டாண்டே சிரித்தது. சுடலைமணி ஒரு நிமிடத்துக்கு ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.