கடல் வேஷம்

எங்கள் சதுரங்கப்பட்டினம் குப்பத்து அம்மன் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் சித்திதான் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு எடுப்பாள். ஒருமுறை செங்கல்பட்டுக்குப் போய் ஏதோ பயிற்சி எடுத்து வந்தவள், அடுத்த வாரமே புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். இனிமேல் பாதிக் கதைதான் சொல்வாளாம். மீதியை நாங்கள் குழுவாக உட்கார்ந்து பேசி, நடித்துக் காட்ட வேண்டுமாம்.

அன்று சொன்னது நாயன்மார்களில் ஒருவரான மீனவரின் கதை. தினமும் பிடிக்கும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். ஒற்றை மீன் விழும் நாட்களில் அதையும் விட்டுவிடுவார். வீட்டில் பட்டினி. ஒருநாள் அந்த ஒற்றை மீன் தங்க மீனாகவே வந்து விழுந்தது. இந்த இடத்தில் சித்தி நிறுத்திக்கொண்டாள்.

எங்கள் குழுவில் அண்ணன்தான் மீனவர். வாயே திறக்காத எனக்குக் கடல் வேஷம். கடலுக்கு வசனம் கிடையாது. சித்தியின் நீலப் புடவையை இரண்டு கையிலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தால் போதும். அட்டையில் மிட்டாய்த் தாள் ஒட்டித் தங்க மீன் செய்துகொண்டோம்.

அது காற்று ஓயாத வாரம். கரையிலேயே கிடந்த கட்டுமரங்கள் அன்று விடியலில்தான் கடலில் இறங்கியிருந்தன. அப்பாவும் போயிருந்தார். வெயில் ஏறியும் யாரும் திரும்பவில்லை. கரையில் நிற்க மனமில்லாமல் அம்மாவும் மற்றப் பெண்களும் மண்டபத்துக்கு வந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் வலையை இழுத்தான். மீன் விழுந்தது. மீன் கரைக்கு வந்தால் அடுத்தது என்னவென்று எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றுதானே தெரியும்? ஏலம் ஆரம்பித்துவிட்டது. அடியார் வேஷத்தை மறந்து அண்ணனே கூவினான். பெண்களுக்கும் வாய் சும்மா இருக்கவில்லை, விலை கேட்டார்கள். “இன்னாடா, மீனுக்குக் கண்ணே காணோம், வெல மட்டும் ஏறிக்கினே கீது?” என்று பெரியம்மா கேட்க, மண்டபமே சிரித்தது. சித்தி தடுக்கவில்லை. மீன் அம்மாவுக்கே விழும்போல் இருந்தது.

விலையை முடிக்கிற நேரத்தில் அண்ணன் நின்றுவிட்டான். என் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னான்:

“இது விக்கிறதுக்கு இல்லம்மா. நைனா இன்னும் கரைக்கு வரல. கடலுக்கே குடுத்துடறேன்.”

சிரிப்பு நின்றது. அவன் இரண்டு கையாலும் மீனை எடுத்து என் புடவையில் வைத்தான். நான் ஆட்டுவதை நிறுத்திவிட்டேன். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து என்னைக் கும்பிட்டார்கள். பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மா குனிந்து, புடவையின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என்னைத் “தாயே” என்றாள். என்ன செய்வதென்று தெரியவில்லை. கடலுக்குத்தான் வசனம் இல்லையே, பேசாமல் நின்றேன்.

பொழுது சாயும் முன் எல்லாக் கட்டுமரங்களும் வந்து சேர்ந்தன. அப்பாவின் வலையில் ஒரு நெத்திலிகூட இல்லை. தங்க மீனையே வாங்கிக்கொண்ட கடல் இப்படி ஏமாற்றிவிட்டதே என்று எனக்கு ஒரே ஆத்திரம். கடலாக நின்றவள் நான்தான் என்பதால் கொஞ்சம் பயமும் இருந்தது. அம்மாவோ வெறும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்குப் பின்னால் வழியெல்லாம் சிரித்தபடி வந்தாள். இவ்வளவு சந்தோஷப்பட அவளுக்கு அன்று என்ன கிடைத்துவிட்டது என்று எனக்கு விளங்கவே இல்லை.