தலைகீழாய்ப் போன எட்டு சாய்மானங்கள்

என் அக்காவுக்கு மற்றவர்கள் மாதிரி உட்காரத் தெரியாது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சோபாவைக் குப்புறப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்ப்பாள். "யாரு தைச்சது இத? ஊசியால தைச்சானா, கடப்பாரையால தைச்சானா?" என்பாள். வீட்டுக்காரர்கள் டீயும் கையுமாகத் திகைத்து நிற்பார்கள். உடன்பிறந்த பாவத்துக்கு நான் பல்லைக் காட்டிச் சமாளிப்பேன்.

பஸ் கட்டும் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் சீட் தைத்தவள். ஸ்பாஞ்சின் தடிமனைக் குறைக்கச் சொன்ன முதலாளியிடம், "நீங்க ஒரு நாள் உட்கார்ந்து பாருங்க, முதுகு சொல்லும்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அப்போதுதான் எங்கள் ரயிலில் சீட் தைக்க ஆள் தேடினார்கள்.

எங்களுடையது பாரம்பரிய ரயில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்பது கிலோமீட்டர் போய், மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வரும். நான் அதில் கார்டு. கொடி காட்டுவதும் விசில் ஊதுவதும் என் வேலை. பெட்டிகள் ஆறு. ஆறுக்கும் தொண்ணூறு வயது. வெளியே வார்னிஷ் பளபளக்கும்; உள்ளே சீட்டைத் தட்டினால் ஒரு கைப்பிடி தூசி பறக்கும்.

ரயிலை நடத்தும் சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அவர் அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். முதல் பெட்டியை அவள் தைக்க வேண்டும். சனிக்கிழமை வெள்ளோட்டத்தில் கமிட்டி பார்க்கும். பிடித்தால் மீதி ஐந்து பெட்டியும் அவளுக்கு, வேலையும் நிரந்தரம். பிடிக்காவிட்டால் வெளியூர்க் கம்பெனிக்குப் போய்விடும். அக்காவோ மாமாவிடம் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது என்றே சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, தைத்து முடித்த பெட்டியை ஷெட்டிலிருந்து வெயிலுக்கு இழுத்தோம். அக்கா ஏறி முதல் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

ஒவ்வொரு அறையிலும் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, எல்லாம் ஒரே வெல்வெட்டில் தைத்தது. ஒன்றின் சாய்மானம் அடர்ந்த நாவல்பழ நிறம். எதிரே இருந்தது வெளுத்த ரோஜா நிறம். எட்டு அறையிலும் இதே கதை. ஷெட்டின் டியூப்லைட்டில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கிறது.

பட்டறைப் பழக்கம் செய்த வேலை இது. சாய்மானம் கீழே அகலம், மேலே குறுகல். ரெக்சினில் ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் போட்டு வெட்டினால் துணி மிச்சமாகும். ரெக்சினுக்கு மேல் கீழ் கிடையாது. வெல்வெட்டுக்கு உண்டு. பூனை முதுகைப்போல அதன் முடி ஒரு பக்கமாகத்தான் படியும். எதிர்த்திசையில் பார்த்தால் நிறமே வேறாகத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக ரெக்சின் வெட்டிய கை, வெல்வெட்டையும் அப்படியே வெட்டிவிட்டது. மறுபடி வெட்டத் துணியும் இல்லை. தனியாகச் சொல்லி நெய்தது, இனி வர மூன்று மாதம் ஆகும்.

"நாளைக்கு ஜன்னல் ஷட்டரையெல்லாம் இறக்கி விட்டுடலாம்க்கா" என்றேன். "குளிருதுன்னு சொல்லிக்கலாம்."

"இந்த வெயில்லயா? போடா!"

படியில் உட்கார்ந்து எதையோ விரல்விட்டு எண்ணினாள். பிறகு எழுந்தாள். "எட்டு நேரா இருக்கு, எட்டு தலைகீழா இருக்கு. நேரானத ஒரு நாலு ரூம்ல போடுவோம், தலைகீழ மீதி நாலுல. ஒரு ரூமுக்குள்ள ஒரே நிறமா இருக்கும்ல?"

பலகையோடு கழற்றி மாற்றலாமே என்றேன். முறைத்தாள். அந்தக் காலத்துத் தச்சர்கள் ஒவ்வொரு பலகையையும் அதனதன் இடத்துக்கு இழைத்திருந்தார்கள். ஒன்றின் திருகு ஓட்டை இன்னொன்றுக்குச் சேராது. துணியைத்தான் பிரித்து மாற்ற வேண்டும். எட்டு சாய்மானம், ஒவ்வொன்றிலும் நூற்றைம்பது ஆணி. நான் பிடுங்கினேன், அவள் அடித்தாள். சீட் தைப்பவர்கள் ஆணிகளை வாயில் ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார்கள். அதனால் அன்று பகல் முழுக்க நான் திட்டு வாங்கவில்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை. பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டோம்.

மறுநாள் செயலாளரும் கமிட்டியில் இரண்டு பேரும் ஏறினார்கள். முன்னால் நாலு அறை நாவல் நிறம், பின்னால் நாலு ரோஜா நிறம். செயலாளர் நடந்து பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"பிரமாதம்மா! முன்னாடி முதல் வகுப்பு, பின்னாடி ரெண்டாம் வகுப்பு. அந்தக் காலத்துல வகுப்புக்கு ஒரு நிறம் வெச்சிருப்பாங்க போல. எவ்வளவு நுணுக்கமா செஞ்சிருக்கீங்க! இத அப்படியே போர்டுல எழுதி மாட்டிடலாம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்காவைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினேன். வேலை கைக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவள் எப்போது வாயை மூடியிருக்கிறாள்?

"அப்படி எதுவும் எழுதிடாதீங்க சார். அது வகுப்பு இல்ல, நான் பண்ண தப்பு."

ரெக்சின் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். அதோடு விட்டாளா? "நம்பலன்னா முன்னாடி ரூம்ல கொஞ்ச நேரம் சாஞ்சு உட்காருங்க" என்றாள். அவரும் உட்கார்ந்தார். தலைகீழ் வெல்வெட்டின் முடி மேல்நோக்கி நிற்கும். வண்டி குலுங்கக் குலுங்க, பேன்ட்டுக்குள் ஒழுங்காகச் செருகியிருந்த அவர் சட்டை கொஞ்சம் கொஞ்சமாக முதுகில் ஏறியது. அடுத்த ஸ்டேஷனில் எழுந்தபோது பாதிச் சட்டை வெளியே தொங்கியது. கமிட்டியில் ஒரு அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

செயலாளர் சிரிக்கவில்லை. சட்டையைச் செருகிக்கொண்டு, கடைசி ஸ்டேஷன் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அக்காவின் மேல் ஆத்திரமான ஆத்திரம். சொந்தப் பிழைப்பில் இப்படியா ஒருத்தி மண்ணை அள்ளிப் போடுவாள்?

வண்டி நின்றதும் அவர் பையிலிருந்து தடிமனான ஒரு நோட்டை எடுத்தார். அந்தப் பெட்டியின் வரலாறு அது. எப்போது சக்கரம் மாற்றியது, யார் வர்ணம் அடித்தது என்று எல்லாம் அதில் இருக்கும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "எட்டு சாய்மானங்கள் தலைகீழாகத் தைக்கப்பட்டன. புதுத் துணி வந்ததும் மாற்றப்படும்." பிறகு நிமிர்ந்தார். "மாத்திக் குடுத்துடுவீங்கல்ல? துணி வர்ற வரைக்கும் அடுத்த பெட்டிய ஆரம்பிங்க. இன்னும் அஞ்சு இருக்கு."

அக்கா தலையாட்டினாள்.

"தைச்சவங்க பேரு?"

"என் பேரா சார்? இதுலயா?"

"இந்தப் பெட்டியில கை வெச்ச எல்லார் பேரும் இதுல உண்டும்மா."

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை நூறு பஸ்! எதிலும் அவள் பெயர் இல்லை, யாரும் கேட்டதும் இல்லை. முதல் தடவையாக எழுதப்போகிறார்கள், அதுவும் ஒரு தப்புக்குக் கீழே. அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நேராக நின்று, இனிஷியலோடு எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அவர் எழுதி முடிக்கும்வரை பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க சார்" என்றாள்.