அப்பாவுக்குக் கொடுத்த ஒரு கரண்டி காப்பி

அப்பா மலாயா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் சில வாடகை வீடுகள் மாறி, கடைசியில் கிள்ளானுக்கு வந்தோம். அம்மா அதற்கு முன்பே தவறிவிட்டார். நான் ஷா ஆலமில் டைப்பிஸ்ட், கல்யாணம் ஆகவில்லை. பக்கத்து வீட்டு முகங்கள் பழகுவதற்குள் அப்பாவுக்கு நிமோனியா வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். அவருக்கு எழுபத்தொரு வயது.

ஆஸ்பத்திரியில் பத்து நாட்கள் வாய்வழியாகக் குழாய் போட்டு மூச்சு இயந்திரத்தில் வைத்திருந்தார்கள். பிறகு தொண்டையில் துளையிட்டுக் குழாயை அங்கே மாற்றினார்கள். நினைவு நன்றாகத் திரும்பியது. குரல்தான் வரவில்லை. மூக்கில் செருகிய மெல்லிய குழாயில் பால் இறங்கியது. பேசுவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். அதில் அவர் திரும்பத் திரும்ப எழுதியது ஒரே சொல்: காப்பி.

"குடுக்காதீங்கக்கா," என்றார் வார்டிலிருந்த தமிழ் நர்ஸ்; மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். "இவ்ளோ நாளு டியூப் இருந்தா தொண்டைக்கு விழுங்கவே மறந்துடும். வயசானவங்களுக்கு இன்னும் கஷ்டம். குடிச்சா நேரா நெஞ்சுக்குள்ள போயிடும். கொஞ்சம் பொறுங்க லா."

தினமும் வேலை முடிந்து பஸ் பிடித்து ஐந்தரைக்குப் போய்ச் சேருவேன். பக்கத்துக் கட்டிலைச் சுற்றி எப்போதும் ஆறேழு பேர் நிற்பார்கள். அப்பாவுக்கு நான் ஒருத்திதான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் எதுவும் எழுதவில்லை. வெடித்த உதட்டை நாக்கால் தடவியபடி என்னையே பார்த்தார். என் பையில் எனக்காகக் கொண்டுபோகும் பிளாஸ்க் இருந்தது. மிஸ்ஸி வார்டின் மறுகோடியில் இருந்தார். திரையை இழுத்துவிட்டு, ஒரு கரண்டி காப்பியை அவர் வாயில் ஊற்றினேன். அப்பா கண்களை மூடினார். அப்படியொரு நிம்மதியை அவர் முகத்தில் நான் அதுவரை கண்டதில்லை.

அடுத்து இருமல் வந்தது. முகம் கறுத்தது. இயந்திரம் அலறியது. தொண்டைக் குழாயிலிருந்து காப்பி நிறத்தில் சளி தெறித்தது. மிஸ்ஸி ஓடி வந்து அதை உறிஞ்சி எடுத்தார்.

"என்னக்கா குடுத்தீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அப்பா நோட்டை இழுத்து எழுதினார். 'நான்தான் கேட்டேன். மகளைத் திட்டாதீங்க.'

மிஸ்ஸி திட்டவில்லை. இரண்டாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. பகலில் சிறிது சிறிதாகக் கழற்றத் தொடங்கியிருந்த இயந்திரத்தை மறுபடியும் முழு நேரமும் மாட்டினார்கள். அன்று வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். நான் செய்ததைச் சொல்லி அழ எனக்கு ஓர் ஆள் இல்லை.

இயந்திரத்திலிருந்து அவர் முழுதாக விடுபட ஒரு மாதத்துக்கு மேலானது. அதன்பின் நீலச் சாயம் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் விழுங்கச் சொல்லிச் சோதித்தார்கள். முதல் தடவை தொண்டைக் குழாயில் நீலம் வந்தது; தண்ணீர் நெஞ்சுக்குள் போயிருந்தது. அடுத்த வாரம் வரவில்லை. தாடையை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, கெட்டியான கஞ்சியை மூன்று கரண்டி விழுங்கினார். தொண்டைக் குழாயை எடுத்தபின், தேய்ந்துபோன குரலில் என்னிடம் சொன்னார்: "அன்னைக்குக் குடுத்தியே, சீனி கம்மி."

இருவரும் சிரித்தோம். அந்த வார்டில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்தபிறகும் எதைக் கொடுத்தாலும் சோளமாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். அப்படியும் சாப்பிடும்போது இருமல் வரும், வாயிலிருந்து வழியும். அது அவருக்கு வெட்கமாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் அடுக்களையில் சாப்பிடுவேன். உள்ளே இருமல் கேட்டால் கையை அப்படியே நிறுத்தி, அது அடங்கும்வரை காத்திருப்பேன்.

ஒரு நாள் என் தட்டோடு அவர் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். துண்டால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். "நீ போய்ச் சாப்பிடும்மா," என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். அவர் இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தார். அந்தக் கதவை நான் மறுபடி சாப்பாட்டு வேளையில் திறக்கவில்லை.