திருஷ்டிக்கு வைத்த ஆள்

என் முகத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்காதவர்கள் எதையாவது கற்பனை செய்துகொண்டு சிரமப்பட வேண்டாம். இடது பக்கம் நெற்றியிலிருந்து தாடை வரை வெந்து சுருங்கியது. கீழிமை இழுபட்டுக் கண் எந்நேரமும் ஈரமாக இருக்கும். உதட்டின் ஓரம் மேலே ஏறிப்போனதால் இரண்டு பல் எப்போதும் வெளியே தெரியும். நான் அழுதாலும் சிரிப்பது போலத்தான் இருக்கும். வலது பக்கம் என் அப்பாவின் முகம். அதில் யாரும் குறை சொன்னதில்லை.

ரப்பர் தோட்டத்துப் புகைக்கொட்டகையில் பட்ட காயம் இது. உறைந்த ரப்பர் பாலைத் தகடாக உருட்டி, கம்பிலே தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகை போடுவார்கள். அந்த நெருப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒருநாள் மத்தியானம் மேலேயிருந்து ஒரு தகடு நழுவி நெருப்பில் விழுந்தது. துரைக்குத் தெரிந்தால் சம்பளத்தில் பிடிப்பாரே என்று எடுக்கப் போனேன். எரிகிற ரப்பர் மேலே தெறித்தால் ஒட்டிக்கொள்ளும், உதறினால் போகாது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தேன்.

வந்ததும் கங்காணி சொன்னார்: "பேசாம மரம் வெட்டப் போயிரு. மரம் ஒன் மூஞ்சியப் பாக்காது."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். போனேன். பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. மரம் பார்க்கவில்லைதான். ஆனால் விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டில் மனிதர்கள் அல்லவா நிற்கிறார்கள்? "யார் மூஞ்சியில முழிச்சேனோ" என்று ஒரு பேச்சு நம்மிடம் இருக்கிறதே, கால் இடறினாலும், மழை வந்து பால் கெட்டாலும் அதைத்தான் சொல்வோம். முன்பெல்லாம் பொத்தாம்பொதுவாகச் சொன்னதை இப்போது என் பக்கம் திரும்பாமல், ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னார்கள். பேராக் சீமையில் மழை பெய்வதற்கு நான் என்ன செய்வேன்? வரிசையில் என் பக்கத்தில் நின்றவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பான். தன் பேர் வந்ததும் திறந்து, முதலில் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்வான். சின்ன வயதில் என்னோடு ஆற்றில் குளித்தவன் அவன்.

எனக்குக் கோபம் அதிகம். அது தீயில் வந்ததல்ல, பிறவியிலேயே உள்ளது. மரங்களுக்கு நடுவே ஒளிந்து வாழ்வதில்லை, மனிதர்கள் பார்க்கிற இடத்தில்தான் வேலை செய்வது என்று முடிவு கட்டினேன்.

என் அக்காவின் கணவர் ஈப்போவில் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ரயில் ஸ்டேஷனில் இறங்குகிற துணி மூட்டைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். அவரிடம் கேட்டேன். அவர் மாட்டைத் தடவிக்கொண்டே, "பாக்கலாம் மச்சான்" என்றார். பத்தே நாளில் ஆள் அனுப்பினார். ஒரு ஜவுளிக்கடையில் இடம் இருக்கிறதாம், முதலாளி உடனே வரச்சொன்னாராம்.

அந்த முதலாளி என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். ஆஸ்பத்திரியை விட்டு வந்தபின் ஒரு மனிதர் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. வலது பக்கம், இடது பக்கம் இரண்டையும் திருப்பிக் காட்டச் சொன்னார். "நல்லா இருக்கு. நாளைக்கே வந்துரு தம்பி" என்றார். நல்லா இருக்கிறதா! அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கடைக்கு முன்னால், கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில், வாசல் ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். வருகிறவர்களின் குடையை வாங்கி வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. குடை கொண்டுவராத நாட்களில் அதுவும் இல்லை. உள்ளே ஓர் அண்ணன் மேசைக்குப் பின்னால் நின்று துணி அளப்பார். கஜக்கோலில் வைத்து அளந்து, கத்தரிக்கோலால் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி, இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார். டர்ரென்று ஒரே நேராகக் கிழிந்து வரும். அந்தச் சத்தத்தின் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. அது ஒருநாள் என் கையிலிருந்து வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். கடை சும்மா இருக்கும்போது அந்த அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். துணியை இழுத்துப் பிடித்து அளந்தால் கஜத்துக்கு ஒரு விரல் மிச்சம் பிடிக்கலாம் என்றும் சொல்லிக்கொடுத்தார். முதல் பாடத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டேன்.

என் தலைக்கு நேர் மேலே உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியது. நுனியில் சுருக்கு, ஆனால் எதுவும் கட்டியிருக்கவில்லை. பக்கத்துக் கடைகளிலெல்லாம் அந்த இடத்தில் முட்டைக் கண்ணும் கோரைப்பல்லும் வரைந்த பூசணிக்காய் தொங்கியது. எங்கள் கடையில் மட்டும் கயிறு. இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இரண்டு மாதமாகத் தோன்றவில்லை. கெட்டிக்காரன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்ததற்கு இதுவே சாட்சி.

ஒருநாள் எதிர்க்கடைக்காரர் ஐந்தடியில் நின்று எங்கள் கடைக் கூட்டத்தைப் பார்த்து, "அடேயப்பா, ஒங்க கடையிலதான் ஊரே நிக்குது" என்றார். முதலாளி உள்ளேயிருந்து ஓடிவந்தார். "தம்பி, எழுந்திரு. கொஞ்சம் முன்னால வந்து நில்லு. இந்தப் பக்கத்தக் காட்டி நில்லு" என்று என் தோளைப் பிடித்து இடது கன்னம் எதிர்க்கடைக்காரருக்குத் தெரியும்படி திருப்பிவிட்டார்.

அப்போதுதான் தலைக்கு மேலே பார்த்தேன். கயிறு என் உச்சந்தலைக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மாட்டுக்கொட்டகைக்குப் போய் அக்காவின் கணவரிடம் கேட்டேன். மறைக்கவில்லை. யோசனை சொன்னதே அவர்தான். "வேற எப்படிச் சொல்லி ஒன்னச் சேக்கறது மச்சான்? ஆறு கடை ஏறி எறங்கிட்டேன். எல்லாரும் வேணாம்னுட்டாங்க. கடைசியில திருஷ்டிக்கு ஆகும்னு சொன்னேன். ஒடனே சரின்னாரு" என்று சொல்லி அழுதார். அவரை அடிக்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. மாட்டுக்குப் புல் போட்டுவிட்டு வந்தேன்.

வேலையை விட்டு ஓடியிருக்கலாம். ஓடினால் தோட்டம், தோட்டத்தில் கண்ணை மூடிக்கொள்கிற அந்த வரிசை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் விலை ஏறியிருந்ததால் தோட்டத்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். துணி அளக்க இன்னொரு கை வேண்டும் என்று முதலாளி ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். அளக்கத் தெரிந்த ஒரு கை வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது.

மறுநாள் விடியற்காலையிலேயே ஊருக்கு வெளியே ஜெலாப்பாங் பக்கம் போனேன். சீனர் ஒருவரின் காய்கறித் தோட்டத்தில் பெரிய பூசணிக்காய் ஒன்றை வாங்கித் தோளில் சுமந்து வந்தேன். கரியாலும் சுண்ணாம்பாலும் கண் வரைந்தேன், பல் வரைந்தேன். மீசை வரையும்போது கை தானாக முதலாளியின் மீசையை வரைந்துவிட்டது. கடை திறந்ததும் ஸ்டூல் மேல் ஏறி நின்று அந்தக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். பிறகு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"முதலாளி, அந்த வேலைக்கு ஆள் வெச்சிட்டேன்" என்றேன்.

"எந்த வேலைக்கு?"

வாசலைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். மீசையைப் பார்த்ததும் தன் மீசையைத் தொட்டுக்கொண்டார். துணி அளக்கிற அண்ணன் குனிந்து மேசைக்கு அடியில் எதையோ தேடத் தொடங்கிவிட்டார்.

"இப்ப நான் சும்மாதான் இருக்கேன். கஜக்கோலக் குடுங்க. அளக்கறேன்."

"வாசல்ல இருக்கறது வேற தம்பி, உள்ள வர்றது வேற. காலையில மொத போணி ஆகணும்லா? வர்ற மொத ஆளு ஒன்னப் பாத்துட்டுத் திரும்பிப் போனா அன்னிக்கு யாவாரமே படுத்துரும்."

"வாசல்ல பாத்தா கண்ணேறு போகுது, உள்ள பாத்தா போணி போகுதா? வாசலுக்கும் மேசைக்கும் எட்டடி. எட்டடியில என் மூஞ்சி எப்படி மாறும்?"

பதில் இல்லாத முதலாளிகள் செய்வதை அவரும் செய்தார், கத்தினார். நான் நகரவில்லை. கடைசியில், "சரி, நாளைக்குக் காலையில நீயே நில்லு. பத்து மணிக்குள்ள ஒன் கையால போணி ஆவலேன்னா மறுபடி வாசல்ல போய் உக்காரணும். சரியா?" என்றார்.

"வாசல்ல உக்கார மாட்டேன். தோட்டத்துக்கே போயிருவேன். போணி ஆச்சுன்னா இந்த மேசை என்னோடது" என்றேன். அவர் தலையாட்டினார்.

மறுநாள் காலை கடை திறந்து, சாம்பிராணி போட்டு, நான் மேசைக்குப் பின்னால் நின்றேன். முதலில் வந்த ஆள் என்னைப் பார்த்ததும் எதையோ மறந்தவர் போல நெற்றியில் தட்டிக்கொண்டு திரும்பிப் போனார். அடுத்து வந்த இரண்டு பெண்கள் என்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "பொறகு வாரோம்" என்று எதிர்க்கடைக்குள் போனார்கள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரை. தோட்டத்துப் பெரட்டும் அந்த உள்ளங்கையும் கண்முன் வந்து நின்றன.

பிறகு ஒரு தோட்டத்துப் பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். வெற்றிலை போட்ட வாய், கையில் துணிப்பை. "மக சமஞ்சிருக்கா. பாவாடைக்கு நல்ல துணியாக் காட்டு" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். சுபகாரியத்துக்குத் துணி. எனக்கு வந்து வாய்த்ததைப் பாருங்கள்! முதலாளி எழுந்துவிட்டார்.

நான் முந்திக்கொண்டு, "அக்கா, என் மூஞ்சியப் பாக்க வேணாம். துணிய மட்டும் பாருங்க" என்றேன். அப்படிச் சொன்னதற்காக இன்றுவரை என் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

அவளோ அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மேசை மேல் கையை ஊன்றிக் குனிந்து என் முகத்தை நன்றாகப் பார்த்து, "என்னாப்பா ஆச்சு மூஞ்சிக்கு?" என்றாள்.

ஈப்போ வந்த இத்தனை நாளில் ஒருவர்கூட அதை என்னிடம் கேட்டதில்லை. கேட்காததற்கு மரியாதை என்று பேர் வைத்திருந்தார்கள்.

"தீ பட்டுருச்சிக்கா. தோட்டத்துப் பொகக்கொட்டகையில."

"வைசூரி இல்லையே?"

"இல்லக்கா. தீதான்."

"அப்பச் சரிலா. தீ என்ன ஒட்டிக்கவா போவுது? எங்க வீட்டுக்காரரும் அந்தக் கொட்டகையிலதான் வேகறாரு. செவப்பு இருக்கா? அந்த மேல இருக்கறதக் காட்டு."

வைசூரி என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாளோ என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். அன்று யோசிக்க நேரமில்லை. சிவப்பைக் காட்டினேன், பச்சையைக் காட்டினேன். அரை மணியில் பாதியைப் பேரம் பேசியே தீர்த்தாள். கடைசியில் சிவப்பு. இழுக்காமல் அளந்தேன். அவள் நம்பாமல் தன் முழங்கையை வைத்து மறுபடி அளந்து பார்த்துவிட்டு, "அட, சரியாத்தான் இருக்கு" என்று என்னை அல்ல, முதலாளியைப் பார்த்துச் சொன்னாள். ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். டர்ரென்று நேராகக் கிழிந்தது.

அவள் போனபின், அவள் தந்த வெள்ளிக்காசை முதலாளியிடம் நீட்டினேன். போணிக் காசை எந்தக் கடைக்காரரும் இரண்டு கண்ணிலும் ஒத்திக்கொண்டுதான் பெட்டியில் போடுவார். அவரும் தினமும் அப்படித்தான் செய்வார். அன்று இரண்டு விரலால் வாங்கி, நேராகப் பெட்டியைத் திறந்தார்.

"முதலாளி, கண்ணுல ஒத்திக்குங்க."

"ஆச்சுலா, விடு தம்பி. மேச ஒனக்குத்தான்."

"மேச இருக்கட்டும். போணி ஆயிருக்கு. ஒத்திக்குங்க."

நான் அங்கிருந்து நகரப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முதல் நாள் கத்தியது போலக் கத்துவார் என்றுதான் நினைத்தேன். கத்தவில்லை. பெட்டியை மூடினார். காசை எடுத்து இடது கண்ணில் ஒத்தினார், வலது கண்ணில் ஒத்தினார். காசை ஒத்தும்போது எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வார்கள், அவரும் வழக்கமாக மூடிக்கொள்வார். அன்று மூடவில்லை. ஒரு கண்ணில் காசு இருக்கும்போது மறு கண்ணால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் வாசலில் இன்னும் இரண்டு பேர் வந்து நின்று, பூசணிக்காயைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "உள்ள வாங்க" என்று கூப்பிட்டேன்.